கூலிக்கு எத்தனை கிலோ அரிசி?

கேள்வி இது: “வளரும் நாடுகளில் வறுமை குறைந்ததில் கிராமங்களுக்கு என்ன பங்கு? மக்கள் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனதால்தானே வறுமை குறைந்தது? அப்படியிருக்கக் கிராமத்தில் பணம் போடுவது வீண் இல்லையா?”

வீண் இல்லை. ஏழைகள் அதிகம் இருப்பதும் கிராமத்தில்தான், வறுமை அதிகம் குறைந்ததும் கிராமத்தில்தான். உலக வங்கி 2008-ஆம் ஆண்டுக்கான தன் ஆண்டறிக்கையை வேளாண்மைக்கென்றே ஒதுக்கியது. 1993-க்கும் 2002-க்கும் நடுவே வளரும் நாடுகளில் கிராமப்புற வறுமை குறைந்ததில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிராமத்துக்குள்ளேயே பிழைப்பு சீரானதால் வந்தது என்றும், ஏழைகள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததால் குறைந்தது மிச்சம்தான் என்றும் அதில் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் இந்த மாதிரி உலகச் சராசரிகளை வைத்து வாதாடுவதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. சீனா ஒன்றே போதும், சராசரியைத் தன் பக்கம் சாய்த்துவிடும். ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே கூலியாள் வீட்டு அடுப்பில் என்ன மாறியது என்று பார்ப்பது மேல்.

நான் எடுத்துக்கொள்வது வங்கதேசம். அந்த நாடு எப்படி மேலே வந்தது என்று கேட்டால் எல்லோரும் இரண்டு பதில்தான் சொல்வார்கள்: ஒன்று ஆயத்த ஆடை, மற்றொன்று ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கி. இரண்டும் உண்மையில் நடந்தவை. ஆனால் இரண்டையும் ஓரமாக வைத்தாலும் கதையின் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. அதை அளக்க எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு விவசாயக் கூலியாளின் ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி கிடைக்கும்? நம்மூரிலும் பழைய ஆட்கள் கூலியை மரக்கால், படிக் கணக்கில்தான் சொல்வார்கள். ரூபாய் ஏறும், இறங்கும், சோறு அப்படியில்லை.

1974-இலிருந்து தொடங்குகிறேன். விடுதலை பெற்று மூன்றே ஆண்டான நாடு. அமெரிக்க அதிகாரிகள் அதைக் கையேந்தியே பிழைக்கப்போகும் நாடு என்று எழுதிவிட்டிருந்தார்கள். “அடியில்லாக் கூடை” என்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கிசிஞ்சர் பெயரில் வழங்கும் அந்தப் பட்டத்தை வங்காளிகள் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆண்டு பிரம்மபுத்திராவில் வெள்ளம் வந்தது. அதைத் தொடர்ந்து பஞ்சம். கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றதற்காக அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்ததும் அதே சமயம்தான். ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் பகுதிகளில் அடி பலமாக விழுந்தது. அரசு நாடெங்கும் ஐயாயிரத்துக்கு மேல் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. அதிகாரக் கணக்கில் இறந்தவர்கள் 26,000 பேர். வெளி ஆய்வாளர்கள் சொன்ன எண்ணிக்கை அதைப் போலப் பல மடங்கு.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் காட்டிய விஷயம் பொருளியல் படித்தவர்களையே உலுக்கியது. 1971 முதல் 1975 வரையான ஐந்து ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உணவு தானியம் அதிகமாக இருந்தது 1974-இல்தான். அரிசி நாட்டில் இருந்தது. அதை வாங்குகிற கூலிதான் இல்லை. வெள்ளத்தால் சணல் வேலையும் நடவு வேலையும் போயின. வேலை இல்லாத நேரத்தில் அரிசி விலை எகிறியது. ஒரு நாள் கூலிக்குக் கிடைத்த அரிசி சில மாதங்களுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலியாட்கள். வறுமை என்பதை விளைச்சல் கணக்கில் மட்டும் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான பாடம் இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 1984-இல், வங்கதேச அரசு விவசாயக் கூலிக்கு ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதில் குறைந்தபட்சக் கூலி டக்காவில், அதாவது அந்த நாட்டுப் பணத்தில், எழுதப்படவில்லை. ஒரு நாளைக்கு 3.27 கிலோ அரிசி, அல்லது அதற்கு ஈடான பணம் என்று எழுதியிருந்தார்கள். பழைய கணக்கில் மூன்றரைச் சேர். கூலியாள் சங்கங்கள் கேட்டது அதைத்தான். ஒரு குடும்பம் நாளெல்லாம் உழைத்து மூன்றே கால் கிலோ அரிசி கேட்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் 2010 வாக்கில் சாதாரண விவசாயக் கூலி அந்த மூன்றே கால் கிலோவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சட்டம் ஏற்றவில்லை. வேறு ஏதோ ஏற்றியது.

அந்த “வேறு ஏதோ” பலவற்றின் கூட்டு. எனக்குத் தெரிந்தவரை முதலிடம் ஒரு சின்ன டீசல் இயந்திரத்துக்கு.

வங்காளத்தில் நெல் மூன்று பட்டம். ஆவுஸ், ஆமன், போரோ. ஆவுஸும் ஆமனும் மழையையும் வெள்ளத்தையும் நம்பியவை. போரோ குளிர்காலத்தில் நட்டு ஏப்ரல், மே மாதத்தில் அறுப்பது. தண்ணீர் இறைத்தால்தான் உண்டு. 1970 வாக்கில் நாட்டு நெல்லில் போரோவின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இறைவைக்கு அரசின் வேளாண் வளர்ச்சிக் கழகத்தை நம்ப வேண்டும். அது பெரிய ஆழ்குழாய்க் கிணறு போடும், பம்ப்பை வாடகைக்குக் கொடுக்கும், உரமும் அதன் கையில்தான். பெரிய கிணறு என்றால் பெரிய பாசனப் பரப்பு. பெரிய பரப்பு என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஆதிக்கம். எந்தக் கம்பெனி இயந்திரம் வரலாம் என்பதையும் அரசே தீர்மானித்தது, அதனால் விலை சிறு விவசாயிக்கு எட்டவில்லை.

1980-களில் இந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது. 1988-இல் நாட்டின் பாதிக்கு மேல் மூழ்கிய வெள்ளம். உழவு மாடுகள் ஏராளமாக அடித்துப் போயின. கை பிசைந்து நின்ற அரசு, சின்ன டீசல் இயந்திரங்களையும் பவர் டில்லரையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று கட்டுப்பாட்டையும் வரியையும் எடுத்துவிட்டது. சீன இயந்திரங்கள் கப்பல் கப்பலாக வந்தன. தரம் சுமார்தான். ஆனால் மலிவு, ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவான். வங்காளிகள் அதை “ஷாலோ” என்றே கூப்பிடுகிறார்கள், ஆழமில்லாத குழாய்க் கிணறு என்ற பொருளில் வந்த பெயர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டில் அப்படிப்பட்ட கிணறுகள் 15 லட்சம் இருந்தன.

ஒரு ஷாலோவின் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்குப் பாயும். வாங்கியவனுக்கு நிலமோ ஒன்றிரண்டு ஏக்கர், அதுவும் நாலு துண்டாக. ஆக, மிச்சத் தண்ணீரைப் பக்கத்து வயல்காரனுக்கு விற்றே தீர வேண்டும். விளைச்சலில் நாலில் ஒரு பங்கு தண்ணீருக்கு என்று பல ஊர்களில் வழக்கம் உண்டாயிற்று. பிறகு போட்டி கூடக் கூடப் பணக் குத்தகையாக மாறியது. நிலச் சீர்திருத்தம் என்று ஒன்று ஒழுங்காக நடக்காத நாட்டில், தண்ணீர் பரவலாகப் போனதற்கு இந்தச் சில்லறை வியாபாரம்தான் காரணம். அதே இயந்திரம் மழைக் காலத்தில் படகில் ஏறியது. நெல் குத்தும் மில்லை ஓட்டியது. மூன்று சக்கரம் மாட்டி “நொசிமொன்”, “கொரிமொன்” என்று பெயர் வைத்துச் சந்தைக்குச் சரக்கும் ஆளும் ஏற்றினார்கள். போக்குவரத்துப் போலீசுக்கு இன்றுவரை அந்த வண்டிகள் தலைவலி. ஆனால் கிராமத்தில் பண்ணை சாராத வேலை எப்படிப் பிறக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

விதையும் வேண்டும் அல்லவா? ஜெய்தேப்பூரில் 1970-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் 28, 29 என்று இரண்டு போரோ ரகங்களை வெளியிட்டது. எண் சொன்னாலே அங்கே விவசாயிக்குத் தெரியும், நம் பக்கம் ஐ.ஆர். 8 மாதிரி. 1971-இல் ஏறக்குறைய ஏழு கோடிப் பேருக்கு ஒரு கோடி டன் அரிசி விளைந்த நாட்டில், 2010 வாக்கில் 15 கோடிப் பேருக்கு மூன்று கோடி டன்னுக்கு மேல் விளைந்தது. நிலம் ஒரு அங்குலம் கூடவில்லை. இன்று பாதிக்கு மேற்பட்ட அரிசி போரோவிலிருந்து வருகிறது.

விளைச்சலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போரோ வருவதற்கு முன்பு குளிர்காலத்தில் வயல் சும்மா கிடந்தது, கூலியாளும் சும்மா கிடந்தான். போரோ வந்ததும் நாற்றுப் பிடுங்க, நட, களை எடுக்க, அறுக்க, அடிக்க என்று நாலைந்து மாதம் வேலை முளைத்தது. சொந்த நிலமில்லாதவன் கைக்கு விளைச்சல் வந்து சேரும் வழி கூலி ஒன்றுதான், அது இப்போது ஆண்டில் இன்னொரு பட்டத்துக்கும் கிடைத்தது. கூடவே, ஆண்டுக்கு ஒரே பெரிய அறுவடை என்பது போய் இரண்டானதால், அரிசி விலை உச்சத்துக்கு ஏறும் பஞ்ச மாதங்கள் சுருங்கின. கூலிப் பக்கமும் விலைப் பக்கமும் ஒரே பயிர் வேலை செய்தது.

இதற்குச் சோதனை 1998-இல் வந்தது. அந்த வெள்ளம் 1974-ஐவிடப் பெரியது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீரில். ஆமன் பயிர் பெருமளவு அழிந்தது. கோடிக்கணக்கில் சாவார்கள் என்று ஆரூடம் சொன்னவர்களும் உண்டு. பஞ்சம் வரவில்லை. அரிசி இறக்குமதியைத் தனியாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டிருந்தார்கள். வியாபாரிகள் இந்தியாவிலிருந்து லாரியிலும் ரயிலிலும் 20 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த சில மாதங்களில் போரோ அமோகமாக விளைந்தது. ஏழைகள் கடன் பட்டார்கள், ஒரு வேளை பட்டினி கிடந்தார்கள், ஆனால் கஞ்சித்தொட்டி முன்னால் விழுந்து சாகவில்லை.

அதே 1998 ஜூன் மாதம் ஜமுனா ஆற்றின் மேல் 4.8 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். அதுவரை வடக்கு மாவட்டங்கள் டாக்காவிலிருந்து துண்டாகக் கிடந்தன. தோணித் துறையில் லாரிகள் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும், காய்கறி அழுகும். பாலம் என்றதும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு முன்பே உள்ளாட்சிப் பொறியியல் துறை ஊர் ஊராக மண் பாதையைத் தார்ச் சாலையாக்கி, சந்தைத் திடல்களுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் அது வராது. மைமன்சிங் பக்கத்துக் குளங்களில் பங்காஸ் மீனும் திலேப்பியாவும் வளர்த்து டாக்காவுக்கு உயிரோடு அனுப்ப முடிந்ததென்றால் அந்தச் சாலைகளால்தான். மீன் தீவனக் கடை, குஞ்சு வியாபாரி, வலை இழுக்கும் கூலி, ஐஸ் வண்டி என்று ஒரு குளத்தைச் சுற்றி எத்தனை பிழைப்பு என்று எண்ணிப் பார்த்தால் வயலைவிட அதிகம் வரும்.

வடக்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ரங்பூர் பகுதியில் “மொங்கா” என்று ஒரு சொல் உண்டு. ஆமன் நட்டாயிற்று, அறுப்புக்கு இன்னும் நாளிருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேலையே இல்லாத அந்தப் பசி மாதங்களுக்கு அந்தப் பெயர். அப்போது கூலியாள் அடுத்த அறுப்புக்கான தன் உழைப்பை முன்கூட்டியே பாதிக் கூலிக்கு விற்றுவிடுவான். அறுப்பு வரும்போது கை வேலை செய்யும், காசு ஏற்கெனவே தின்று தீர்ந்திருக்கும்.

2008-இல் சில பொருளியலாளர்கள் அங்கே 100 கிராமங்களில் 1,900 குடும்பங்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மொங்கா மாதத்தில் வெளியூர் போய் வேலை தேடிக்கொள்கிறீர்களா, பஸ் செலவுக்கு 600 டக்கா தருகிறோம் என்றார்கள். அவ்வளவுதான். அந்தக் காசு கிடைத்ததால் மட்டும் நூற்றுக்கு 22 குடும்பங்கள் கூடுதலாக ஓர் ஆளை வெளியே அனுப்பின. அப்படி அனுப்பிய வீட்டில் சாப்பாட்டுச் செலவு கணிசமாகக் கூடியது. அடுத்த ஆண்டு யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் பலர் மறுபடி போனார்கள். ஒரு முறை போய் எந்த ஊரில் யாரிடம் வேலை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டதே. பிறகு ஒரே கிராமத்திலிருந்து நிறையப் பேருக்குக் காசு கொடுத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் கூலியும் ஏறியது. ஆள் குறைந்தால் கூலி ஏறத்தானே செய்யும்.

இதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே சறுக்கலும் வந்தது. 2017-இல் இதையே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு விரித்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. இலக்கு எண்ணிக்கையை எட்ட வேண்டிய அவசரத்தில் களப் பணியாளர்கள், எப்படியும் போகப் போகிறவர்களிடமே காசைக் கொடுத்திருக்கிறார்கள். 2019-இல் திட்டத்தை மூடினார்கள். மூடியதை நான் மதிக்கிறேன். பலன் இல்லாத திட்டத்தைப் பல நாடுகளில் பெயர் மாற்றி ஓட்டுவார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன், நகரம். இந்த பஸ் டிக்கெட் கதையிலேயே அது இருக்கிறது. போனவன் நிரந்தரமாகப் போகவில்லை. ரிக்‌ஷா இழுத்தான், செங்கல் சூளையில் நின்றான், இன்னொரு மாவட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினான்; காசோடு வீட்டுக்குத் திரும்பினான். ஆடைத் தொழிற்சாலையும் அப்படித்தான். சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்யும் அந்தத் தொழிலில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். அவர்கள் அனுப்பும் பணம் ஊரில் தகரக் கூரையாகவும் தம்பியின் பள்ளிக் கட்டணமாகவும் கறவை மாடாகவும் மாறுகிறது. அவர்கள் ஊரில் இல்லாததால் நடவுக்கு ஆள் குறைகிறது, இருப்பவர் கூலி ஏறுகிறது. நகரத்துக்குப் பங்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பங்கு கிராமத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. 2010-இல் வங்கதேசக் கிராமங்களில் நூற்றுக்கு 35 பேர் ஏழைகள், 2016-இல் 26. நகரங்களில் அதே காலத்தில் 21-இலிருந்து 19-க்குத்தான் இறங்கியது. அந்த ஆறு ஆண்டில் நாட்டில் வறுமை குறைந்ததில் பத்தில் ஒன்பது பங்கு கிராமத்தில் நடந்ததாக உலக வங்கியே எழுதியது. தொழிற்சாலைகள் இருக்கும் டாக்காவில் இல்லை.

பொருளியல் பாடத்தில் ஆர்தர் லூயிஸ் என்று ஒருவர் வருவார். கிராமத்தில் உபரியாக இருக்கும் ஆட்கள் தொழிலுக்கு வருவதுதான் வளர்ச்சி என்று 1954-இல் எழுதியவர். உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான். ஆனால் அதே கட்டுரையில் தொழிற்புரட்சியும் வேளாண் புரட்சியும் சேர்ந்தேதான் வரும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரிசி விலை ஏறினால் தொழிற்சாலைக் கூலியும் ஏற வேண்டும். ஆடை ஏற்றுமதி அத்தோடு முடிந்தது. டாக்காவின் தையல் இயந்திரங்கள் ஓடியதற்குப் பின்னால் போரோ அரிசி இருக்கிறது.

கிராமீன் வங்கி, சிறுகடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்காமல் விடமாட்டீர்கள். 1976-இல் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி, 1983-இல் வங்கியாகி, 2006-இல் நோபல் வரை போனது. கந்துவட்டிக்கு மாற்றாக அது கொடுத்த நிம்மதி பெரிது. ஆனால் கடன் கொடுத்தாலே வறுமை போய்விடும் என்ற நம்பிக்கை 2015-இல் ஆறு நாடுகளின் ஆய்வுகள் வெளியானபோது ஆட்டம் கண்டது. சராசரியாக வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதைவிட எனக்கு உறுதியாகத் தெரிவது, பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பு 2002-இல் பரம ஏழைப் பெண்களுக்கென்று தொடங்கிய திட்டம். கடன் இல்லை; மாடோ ஆடோ இனாம். பால் வரும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், இரண்டு ஆண்டு வீடு தேடி வந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆள். 1,300-க்கு மேற்பட்ட கிராமங்களில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டு வேலைக்கும் வயல் கூலிக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த பெண்கள் கால்நடைக்கு மாறினார்கள், நாலு ஆண்டு, ஏழு ஆண்டு கழித்தும் வருமானம் நின்றது. வெறும் மாட்டைக் கொடுத்து மறைந்துவிடாததுதான் அதன் சூட்சுமம்.

எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி நடக்குமா? நடக்காது. சீனாவில் கதை நிலத்திலிருந்து தொடங்குகிறது. 1978-இல் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற பட்டினிக் கிராமத்தில் 18 பேர் கைநாட்டு வைத்து, கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் நிலத்தை ரகசியமாகக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைவர்களைச் சிறையில் போட்டால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆறே ஆண்டில் நாடு முழுக்க அதே முறை வந்தது. தானியம் 30 கோடி டன்னிலிருந்து 40 கோடி டன்னுக்கு ஏறியது. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏறக்குறைய சமமாக நிலம் கிடைத்ததால் வேளாண் வளர்ச்சி நேராக ஏழை வீட்டுக்குப் போனது. தொழில் வளர்ச்சியைவிட வேளாண் வளர்ச்சி வறுமையைக் குறைப்பதில் சுமார் நான்கு மடங்கு வேலை செய்தது என்று உலக வங்கிப் பொருளியலாளர்கள் மார்ட்டின் ரவாலியனும் ஷாவ்ஹுவா சென்னும் கணக்கிட்டது இந்த இடத்தில்தான். அந்தக் கையிருப்பிலிருந்து ஊரகத் தொழில்கள் கிளம்பின. அவற்றில் வேலை செய்தவர்கள் 1978-இல் 2.8 கோடி, 1996-இல் 13.5 கோடி. வியட்நாமில் 1988-இல் குடும்பங்களுக்கு நிலத்தை ஒப்படைத்தார்கள், 1989-இல் அரிசி வாங்கிய நாடு அரிசி விற்றது. நிலம் சில பண்ணையார்களிடம் குவிந்து கிடக்கும் நாட்டில் இந்த வாய்ப்பாடு பலிக்காது. விளைச்சல் கூடும், பக்கத்துக் குடிசையில் ஒன்றும் கூடாது.

வங்கதேசத்தில் கிராமக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, நிலமற்றவை அல்லது பெயருக்கு நிலம் உள்ளவை. அதனால்தான் நான் கூலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே நிலச் சீர்திருத்தம் செய்யாததைக் கூலிதான் ஓரளவு ஈடு செய்தது. நம் பக்கமும் இதைப் பார்க்கலாம். நூறு நாள் வேலை வந்த பிறகு “நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்” என்று புலம்பாத நிலக்காரர் உண்டா? தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஏரி வேலை இருக்கிறது என்ற தைரியத்தில் அவர்கள் நிலக்காரரிடம் கூலி பேச முடிந்தது. அந்தப் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தி வீட்டில் அரிசிப் பானை நிறைகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். விவசாயிக்கு அது கஷ்டம் என்பதையும் மறுக்கவில்லை.

அந்தக் கஷ்டம் சின்னதல்ல. ஷாலோ இறைத்து இறைத்து வடமேற்கில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. குடிநீருக்குப் போட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது 1990-களில் தெரியவந்தபோது மூன்றரைக் கோடி முதல் ஏழே முக்கால் கோடிப் பேர் வரை ஆபத்தில் இருந்ததாக மதிப்பிட்டார்கள். மொங்காவின் கடுமை தணிந்ததே தவிர வடக்கு பணக்கார ஊராகிவிடவில்லை. 2016 கணக்கெடுப்பில் குரிகிராம் மாவட்டத்தில் நூற்றுக்கு 70 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2019 மே மாதம் டாங்கைலில் ஒரு விவசாயி விளைந்து நின்ற தன் நெல் வயலுக்குத் தானே தீ வைத்தார். ஒரு மணங்கு, அதாவது ஏறக்குறைய 40 கிலோ நெல் விற்ற காசு, ஓர் ஆளின் ஒரு நாள் அறுப்புக் கூலிக்குக் காணவில்லை. அவருக்கு அது நஷ்டம். அறுக்க வந்தவனுக்கு, அவன் தாத்தா 1984-இல் மூன்றரைச் சேர் கேட்டு நின்றதை நினைத்தால், நம்ப முடியாத கூலி. அதன் பிறகு அரசு அறுப்பு இயந்திரத்துக்குப் பாதி விலை மானியம் தந்தது, மழைக்காலத்தில் நீரில் மூழ்கும் தாழ்வான ஹாவோர் பகுதிகளில் 70 விழுக்காடு. அந்த இயந்திரம் யாருடைய கூலியைத் தின்னும் என்பது இனிமேல்தான் தெரியும்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நாடே முடங்கியபோது, சுனாம்கஞ்ச் பக்கத்து ஹாவோர்களில் போரோ முற்றி நின்றது. வெள்ளம் வருவதற்குள் அறுத்தாக வேண்டும், ஆள் இல்லை. பஸ், ரயில் எல்லாம் நிறுத்தியிருந்த அரசு, வடக்கு மாவட்டங்களிலிருந்து அறுப்பு ஆட்களை அழைத்து வரத் தனியாக வண்டி ஏற்பாடு செய்தது. 1974-இல் கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, அனுமதிச் சீட்டோடு அந்த பஸ்களில் போனார்கள்.